தொடர் இணைப்பில் இரண்டு பல்பு, எரிவது ஒன்றுதான்: 6-ம் வகுப்புக்கு எப்படி விளக்குவது?

சாக்பீஸ் (கேள்வி)

வணக்கம். 6-ம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேருக்கு இரண்டு மணி நேரச் செயல்முறை வகுப்பு. மின்சுற்று, தொடர் இணைப்பு (ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாக), பக்க இணைப்பு (ஒவ்வொன்றுக்கும் தனி வழி), கடத்தி, கடத்தாப் பொருள், இவ்வளவுதான் பாடம். ஐந்து பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு மூன்று ஏஏ செல் போடும் ஹோல்டர், இரு முனையும் குரோக்கடைல் கிளிப் வைத்த கம்பி ஆறு, மரை போட்ட டார்ச் பல்பு இரண்டு, அதற்கான ஹோல்டர் இரண்டு. பல்புகள் வேறு வேறு பாக்கெட்டில் வந்தவை.

சிக்கல் இதுதான். ஒரு பல்பை மட்டும் இணைத்தால் எந்தப் பல்பாக இருந்தாலும் எரிகிறது. இரண்டையும் தொடராக இணைத்தால் ஒன்று எரிகிறது, மற்றொன்று இருட்டாகவே இருக்கிறது. எரியாததைக் கழற்றினால் எரிவதும் அணைகிறது. அதனால் கம்பி விட்டுப்போகவில்லை. இதைப் பார்க்கும் பிள்ளைகள், "முதல் பல்பு கரண்ட்டை எல்லாம் குடிச்சிடுச்சு, ரெண்டாவதுக்கு மிச்சம் இல்ல" என்றுதான் சொல்வார்கள். நாம் சொல்லிக்கொடுக்க நினைப்பதற்கு நேர் எதிர்.

கேட்க வேண்டியவை: இது ஏன்? எந்தப் பல்பு வாங்க வேண்டும்? பல்பே வேண்டாம், எல்இடி போதும் என்கிறார்களே, சரியா? "கரண்ட் தீர்ந்துபோகாது" என்பதைச் சூத்திரம் இல்லாமல் எப்படிக் காட்டுவது?

---

ஈயப்பற்று

பல்பின் உலோகக் கழுத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு எண் அச்சடித்திருக்கும். ஒன்றில் "2.5 வோல்ட் 0.3 ஆம்பியர்" என்றும் மற்றதில் "6 வோல்ட் 0.1 ஆம்பியர்" என்றும் இருந்தால் உங்கள் சிக்கல் அங்கேயே முடிந்தது. முதலாவது இரண்டு செல் டார்ச்சுக்கானது. இரண்டாவது சைக்கிள் டைனமோவின் பின்விளக்குக்கானது. கடையில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது.

கணக்கு: எரிகிற நிலையில் முதல் பல்பின் மின்தடை 2.5 ÷ 0.3, சுமார் 8 ஓம். இரண்டாவதன் மின்தடை 6 ÷ 0.1, அதாவது 60 ஓம். தொடரில் இருப்பதால் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். அந்த 60 ஓம்காரர் 0.1 ஆம்பியருக்கு மேல் விடமாட்டார். 0.3 ஆம்பியர் கேட்கிற பல்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, இழை சூடேறாது. சூடேறாத டங்ஸ்டன் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே அது 8 ஓம்கூட இல்லை, 1 ஓம் பக்கமாகவே நின்றுவிடும். 4.5 வோல்ட்டில் 4.4 ஒரு பல்பின் மேல், 0.1 மற்றதன் மேல் என்று பிரியும். எரியாத பல்பு அந்தச் சுற்றில் வெறும் கம்பித் துண்டு மாதிரி.

மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) 20 வோல்ட் டிசி-யில் வைத்து ஒவ்வொரு பல்பின் இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள், இந்த எண்களுக்கு அருகில்தான் காட்டும். சிவப்பு முனையை மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் செருகியபடி அளந்துவிடாதீர்கள். அப்போது மீட்டரே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

பிள்ளைகள் வாயை அடைக்க (நல்ல அர்த்தத்தில்) மீட்டரும் வேண்டாம். இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். "முதல் பல்பு குடித்துவிட்டது" என்றால் இப்போது மற்றதுதான் எரிய வேண்டும். ஆனால் முன்பு எரிந்ததே மறுபடி எரியும். பிறகு செல்லைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அப்போதும் அதுவேதான். "முதல்" என்று சுற்றில் எதுவும் இல்லை என்பது அவர்கள் கையாலேயே நிரூபணமாகும். அந்தப் பொருத்தமில்லாத ஜோடியைத் தூக்கி எறியாதீர்கள், வகுப்பில் இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆனால் கடைசியில் காட்டுங்கள், தொடக்கத்தில் அல்ல.

வாங்க வேண்டியது: மூன்று செல் வைப்பதால் 3.8 வோல்ட் 0.3 ஆம்பியர், எல்லாம் ஒரே அச்சு. 2.5 வோல்ட் பல்பை மூன்று புது செல்லில் தனியாக மாட்டினால் வெள்ளையாகப் பளிச்சென்று எரியும், சீக்கிரமே இழை போய்விடும். உங்களிடம் இதுவரை போகாதிருந்தால் செல் பழசு என்று அர்த்தம். ஆறு குழுவுக்கு 12 பல்பு என்றால் 18 வாங்குங்கள்.

---

ஓடுபாதை

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே மாதிரி 3.8 வோல்ட் பல்பு இரண்டைத் தொடராகப் போட்டால் ஆளுக்கு 2.25 வோல்ட். ஒளி பாதியாகும் என்று நினைப்போம், ஆகாது. இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் ஒளி சரசரவென்று விழும். இங்கே ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், ஆரஞ்சு நிறத்தில் கங்கு மாதிரி தெரியும். ஜன்னல் ஓர மேசையில் அதைப் பார்த்த பிள்ளை "எரியவில்லை" என்றே எழுதும். பல்பைச் சுற்றி ஒரு கறுப்புத் தாள் குழாய் வைக்கச் சொல்லுங்கள், அல்லது ஜன்னலைச் சாத்துங்கள்.

"கரண்ட் தீராது" என்பதற்குக் கயிறுதான் சரியான வழி. ஆறு மீட்டர் பருத்திக் கயிற்றின் இரு முனையையும் சேர்த்து முடிச்சிட்டு வளையமாக்குங்கள். பத்துப் பிள்ளைகள் வட்டமாக நின்று, கயிறு வழுக்கி ஓடும்படி கையைத் தளர்த்திப் பிடிக்கட்டும். ஒருவர் மட்டும் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும், அவர்தான் செல். இழுத்த அதே கணத்தில் வட்டம் முழுவதும் கயிறு நகரும். எதிர்ப்பக்கம் நிற்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது ஒருவரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், அவர் பல்பு. கயிறு எல்லா இடத்திலும் மெதுவாகும், இறுக்கியவர் உள்ளங்கை சூடாகும். அவரைத் தாண்டிப் போகிற கயிறு குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்த கயிறு அத்தனையும் போகிறது. தீர்வது இழுப்பவரின் தெம்பு, கயிறு அல்ல.

உங்கள் எரியாத பல்பும் இதில் வந்துவிடும். ஒருவர் நன்றாக இறுக்குகிறார், இன்னொருவர் லேசாகத் தொடுகிறார். கயிறு இருவர் கையிலும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. சூடாவது இறுக்கியவர் கை மட்டும்.

நைலான் கயிறு வேண்டாம், வேகமாக இழுத்தால் தோல் உரியும். பக்க இணைப்பை ஒரு கயிற்றில் காட்ட முடியாது. இழுப்பவர் கையில் இரண்டாவது வளையம் ஒன்றையும் கொடுங்கள். இரண்டும் தனித்தனியாக ஓடும், இழுப்பவருக்கு வேலை இரட்டிப்பாகும். செல் சீக்கிரம் தீர்வது ஏன் என்பதற்கும் அதுவே பதில்.

தண்ணீர்க் குழாய் உவமையை இந்த வயதில் தவிர்ப்பது நல்லது. "கம்பியை வெட்டினால் கரண்ட் ஒழுகுமா?" என்ற கேள்வி உடனே வரும். தவிர, தொட்டியிலிருந்து தண்ணீர் வந்து சேர நேரமாகும், பல்பு எரிய ஆவதில்லை. உண்மையில் எலெக்ட்ரான்கள் நத்தையைவிட மெதுவாக நகர்பவை. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 0.3 ஆம்பியர் ஓடும்போது ஒரு எலெக்ட்ரான் ஒரு மீட்டர் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். கயிற்றைப் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு இது முரண்பாடாகவே தோன்றாது.

---

ஈயப்பற்று

கயிறு அருமை. எல்இடி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன். முதல் முக்கால் மணி நேரம் எல்இடி வேண்டாம். திசை மாறினால் எரியாது, இரண்டு வோல்ட்டுக்குக் கீழே அசையாது, மின்னோட்டத்தைக் குறைக்கும் தடை (ரெசிஸ்டர்) இல்லாமல் போட்டால் போய்விடும். "வளையம் மூடினால் எரியும், திறந்தால் அணையும்" என்ற ஒற்றை உண்மை மனதில் பதிவதற்குள் இத்தனை விதிவிலக்கு எதற்கு? பல்பில் கண்ணாடிக்குள் இழை தெரியும். ஒரு முனை அடியில் இருக்கும் ஈயப் பொட்டு, மறுமுனை மரை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அந்தப் பாதையை விரலால் தொடர்ந்து வரச் சொல்லலாம். எல்இடிக்குள் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை.

---

நெகடிவ்

பாதி ஒத்துக்கொள்கிறேன். கடத்தி, கடத்தாப் பொருள் சோதனைக்குப் பல்பு உதவாது. அது 0.3 ஆம்பியர் வந்தால்தான் ஒழுங்காக எரியும். பென்சில் முனையை நடுவில் வைத்தால் பல்பு எரியாது அல்லது மினுக்கென்று இருக்கும், பிள்ளை "கிராஃபைட் கடத்தாது" என்று அட்டவணையில் எழுதிவிடும். தவறு பிள்ளையுடையதல்ல, கருவியுடையது. சிவப்பு எல்இடிக்குச் சில மில்லி ஆம்பியர் போதும், பென்சிலில் நன்றாகவே எரியும்.

மூன்று செல்லுக்கு 220 ஓம் தடை ஒன்றே எல்லா நிறத்துக்கும் சரி. நிறப்பட்டை சிவப்பு, சிவப்பு, பழுப்பு. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 2.5 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் 11 மில்லி ஆம்பியர். வெள்ளை சுமார் 3.1 வோல்ட் எடுக்கும், 6 மில்லி ஆம்பியர் ஓடும், அதுவே கண்ணைக் கூசும். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடியின் எல்லை 20. நீளக் கால் நேர்முனைக்கு. காலை வெட்டிவிட்டால் விளிம்பைத் தடவுங்கள், தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. 9 வோல்ட் பேட்டரி என்றால் 470 ஓம். தடையை எல்இடியின் காலிலேயே நிரந்தரமாகப் பற்றவைத்துக் கொடுங்கள், "தடையைப் போட மறந்துட்டேன்" என்ற பேச்சே வராது.

எல்இடியில் பக்க இணைப்பு காட்ட நினைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித் தடை கட்டாயம். ஒரே தடைக்குப் பின்னால் வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்துப் போட்டால், சிவப்பை மாட்டிய நொடியில் வெள்ளை அணைந்துவிடும். சிவப்பு தன் 2 வோல்ட்டிலேயே இரு முனையையும் பிடித்து வைத்துவிடுவதால் வெள்ளைக்கு வேண்டிய 3 வோல்ட் எட்டாது. மறுபடியும் "கரண்ட்டைக் குடிச்சிடுச்சு" கதை ஆரம்பமாகும்.

சோதிக்கப் பொருள்கள்: எவர்சில்வர் கரண்டி, அழிப்பான், சாவி, இருமுனையும் சீவிய பென்சில், பெயின்ட் அடித்த இரும்புத் துண்டு, மோட்டார் காயில் சுற்றும் செம்புக் கம்பி. கடைசி இரண்டும் வேண்டுமென்றே. காயில் கம்பி பளபளவென்று வெறும் செம்பு போலவே இருக்கும், ஆனால் மேலே எனாமல் பூச்சு, எல்இடி எரியாது. முனையை உப்புத்தாளால் ஒரு சென்டிமீட்டர் தேய்த்துவிட்டு வைத்தால் எரியும். உப்புத் தண்ணீரில் சிவப்பு எல்இடி மங்கலாக எரியும், கிளிப்புகள் நெருக்கமாக இருக்க வேண்டும். சில நொடி போதும். அதற்கு மேல் விட்டால் நேர்முனைக் கிளிப் அரிக்கும், கொஞ்சம் குளோரினும் வரலாம்.

---

தேசிக்காய்

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் பல்பு, சுவிட்ச் என்பதை நாங்கள் மின்குமிழ், ஆளி என்போம். பக்க இணைப்பு எங்களுக்குச் சமாந்தரம். பெயர் எதுவானாலும் பிழை ஒன்றுதான். பிள்ளைகள் அதிகம் விடுகிற பிழை ஆளியை எங்கே வைப்பது என்பதில்.

மட்டையில் இரண்டு வரைபட ஊசி குத்தி, நடுவில் காகிதக் கிளிப் வைத்து ஆளி செய்வார்கள். அதைச் சுற்றின் வழியில் வைக்காமல் குமிழின் இரு முனைக்கும் குறுக்கே இணைத்துவிடுவார்கள். திறந்திருக்கும்போது குமிழ் எரியும், ஆளியை மூடினால் அணையும்! "என்னுடையது தலைகீழாக வேலை செய்கிறது" என்று சந்தோஷமாகக் காட்டுவார்கள். அந்த நேரம் மின்கலங்கள் குறுஞ்சுற்றில் (ஷார்ட் சர்க்யூட்) இருக்கின்றன, தொட்டால் சூடு தெரியும். அணைந்த குமிழைப் பார்ப்பதற்கு முன் மின்கலத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று முதலிலேயே பழக்கிவிடுங்கள். சூடென்றால் ஒரு கம்பியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதற்காகவே மலிவான நாக–காபன் (நாகம் என்றால் துத்தநாகம்) மின்கலம் நல்லது. அல்கலைன் ஏஏ குறுஞ்சுற்றில் பல ஆம்பியர் தரும், கையைச் சுடும். மீள்மின்னேற்றும் ஏஏ இன்னும் மோசம். கைப்பேசி பற்றரி, பவர் பேங்கில் இருந்து கழற்றிய லிதியம் மின்கலம் எதுவும் வகுப்புக்குள்ளேயே வரக்கூடாது. பொத்தான் மின்கலமும் அப்படியே. சிறு பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். வீட்டுச் சுவர் மின்சாரம் 230 வோல்ட், நாம் வைத்திருப்பது 4.5. ஐம்பது மடங்குக்கு மேல். "அந்தத் துளையில் இதே கம்பியைச் செருகினால் என்ன?" என்று ஒரு பிள்ளையாவது யோசிக்கும், கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வண்ணப்பூச்சுக் காகிதக் கிளிப்பும், தலையில் பிளாஸ்டிக் போட்ட ஊசியும் ஆளிக்கு உதவாது. செலோ டேப்பின் பசையும் கடத்தாது. கம்பியை மின்கலத்தில் டேப்பால் ஒட்டினால் பசை இடையில் போய் நின்றுவிடும்.

நேரம் மிஞ்சினால் தேசிக்காய் மின்கலம் செய்யலாம் (எலுமிச்சை என்று வாசியுங்கள்). நாகம் பூசிய ஆணி ஒன்று, செம்புத் துண்டு ஒன்று, ஒன்றையொன்று தொடாமல். ஒரு காய்க்கு 0.9 வோல்ட் அளவு வரும். நான்கு காயைத் தொடராக்கி, சிவப்பு எல்இடியைத் தடை இல்லாமல் இணைத்து, இருட்டில் பார்த்தால் மினுங்கும். டோர்ச் குமிழ் நாற்பது காய் தொடராகப் போட்டாலும் எரியாது. வோல்ட் இருக்கும், ஆனால் ஓட்டம் மில்லி ஆம்பியர் அளவைத் தாண்டாது. சக்தி தருவது காய் அல்ல, கரைகிற நாகம். அதனால் அந்தக் காயைப் பிறகு சர்பத்துக்குப் பிழியவேண்டாம்.

---

ஈயப்பற்று

நிறையக் குழுவில் "எரியல சார்" வந்தால் தேட வேண்டிய வரிசை: முதலில் செல் ஹோல்டர். தட்டையான முனை ஸ்பிரிங் பக்கம். மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தால் 4.5-க்குப் பதில் 1.5 வோல்ட்தான், பல்பு செத்த மாதிரி மங்கும். அடுத்து பல்பு ஹோல்டரில் கடைசிவரை திருகியிருக்கிறதா. அதன்பின் கிளிப் கம்பி. மலிவுக் கம்பிகளில் செம்பு இழை பற்றவைக்காமல் வெறுமனே நசுக்கி வைத்திருப்பார்கள். ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிப் பார்த்தால் உள்ளே கழன்று கிடக்கும். வகுப்புக்கு முந்தின நாள் 36 கம்பியையும் ஒரு பல்பு சுற்றில் ஒவ்வொன்றாக மாட்டி, ஆட்டிப் பார்த்துவிடுங்கள். ஆட்டும்போது மினுக்கினால் கழித்துவிடுங்கள். தொடர் சுற்றில் இழை போன பல்பு எது என்று தெரியாவிட்டால் மீட்டர் சொல்லும்: முழு 4.5 வோல்ட்டும் எதன் முனைகளில் தெரிகிறதோ அதுதான்.

---

சாக்பீஸ்

எல்லோருக்கும் நன்றி. கழுத்தைப் பார்த்தேன், 2.5 / 0.3 ஒன்று, 6 / 0.1 ஒன்று. அச்சு அசலாகச் சொன்னபடியே. ஒரே அச்சில் 3.8 வோல்ட் பல்புகள் வாங்கியாயிற்று, தொடரில் இரண்டும் சமமாக எரிகின்றன.

இப்போது பக்க இணைப்பில் ஒரு சந்தேகம். ஒரு பல்பு எரியும்போது இரண்டாவதைச் சேர்த்தால் முதல் பல்பும் கண்ணுக்குத் தெரியும்படி கொஞ்சம் மங்குகிறது. பக்க இணைப்பில் ஒளி மாறாது என்றல்லவா சொல்கிறோம்? செல் புதிது, நாக–கார்பன் ஏஏ.

---

ஓடுபாதை

பாடத்தில் வரும் செல்லுக்கு உள் மின்தடை கிடையாது, உங்கள் செல்லுக்கு உண்டு. ஒரு செல்லுக்கு அரை ஓம் என்று வைத்துக்கொண்டால் மூன்றுக்கு 1.5 ஓம். ஒரு பல்பு 0.3 ஆம்பியர் இழுக்கும்போது 0.45 வோல்ட் செல்லுக்குள்ளேயே போய்விடும், பல்புக்கு 4.05. இரண்டு பல்பு 0.6 ஆம்பியர் இழுத்தால் 0.9 வோல்ட் போகும், பல்புக்கு 3.6. வோல்ட்டில் சின்ன வித்தியாசம்தான், ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும்.

ஏஏ-க்குப் பதில் டார்ச் லைட்டில் போடுகிற பெரிய டி செல் மூன்று போடுங்கள். வோல்ட் அதே 1.5 தான், உள் மின்தடை குறைவு, மங்கல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பக்க இணைப்புக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டால் போதும், ஆறு குழுவுக்கு இரண்டு செட் சுற்றுக்கு விடலாம்.

கூர்மையான பிள்ளை யாராவது மங்குவதைக் கவனித்துக் கேட்டால், "உன் கண் சரியாகத்தான் பார்க்கிறது" என்று சொல்லிவிட்டு மீட்டரைச் செல் ஹோல்டரின் இரு முனையில் வையுங்கள். இரண்டாவது பல்பை மாட்டும்போது எண் இறங்குவதை அந்தப் பிள்ளையே படிக்கட்டும். கிணற்று மோட்டார் போடும் நொடியில் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கி நிமிர்வதைப் பார்த்திருக்கிறாயா என்று கேளுங்கள். அங்கே மின்தடை இருப்பது செல்லுக்குள் அல்ல, மின்கம்பத்திலிருந்து வீடுவரை வருகிற கம்பியில், அதுவும் இந்த 1.5 ஓமைவிடச் சிறியதாக. மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற ஓட்டம் பல மடங்கு என்பதால் அதுவே போதுமானதாகிவிடுகிறது.